அத்தையும் ஆறு சொட்டு எண்ணெயும்

மாமியார் ஜோக் இல்லாமல் ஒரு வாரப் பத்திரிகை வந்திருக்கிறதா? வந்திருந்தால் பைண்டிங்கில் ஒரு பக்கம் விட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான்! நானும் அவற்றைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தவள்தான். ஆனால், மருமகளைப் பார்த்து, "நீ யாரும்மா, எந்த வீட்டுப் பொண்ணு?" என்று நிஜமாகவே கேட்கிற மாமியாரைப் பற்றி யாரும் ஜோக் எழுதியதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் அது தினசரி நிகழ்ச்சி. அத்தைக்கு வயது 81. டிமென்ஷியா. மறதி நோய் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினால் அது மறதி. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று யோசித்தால், அது வேறு. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று 2023-ல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. அதாவது, 100 பேருக்கு 7 பேருக்கும் மேல். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

பகல் முழுக்க அத்தை சாது. சாயங்காலம் நாலரை மணி ஆனால் போதும், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும். மேலூர் பஸ்சு போயிரும்!" அத்தை மேலூரை விட்டு மதுரைக்கு வாழ வந்து அறுபது வருஷம் ஆகிறது. "இதாம்மா நம்ம வீடு" என்று என் கணவர் சொன்னால், "யாருய்யா நீ, கைய விடு!" என்று ஓங்கி ஒரு அறை. பெற்ற பிள்ளையை! பொழுது சாயும் நேரத்தில் இப்படிப் பதற்றம் கூடுவது இந்த நோயில் சகஜம் என்று பிறகு தெரிந்துகொண்டோம். தெரிந்து என்ன, அறை விழுவது விழுந்துகொண்டுதான் இருந்தது.

நோய் வந்த வீட்டுக்கு யோசனைக்கா பஞ்சம்? வல்லாரையை அரைத்துக் கொடு, வெண்டைக்காயைப் பச்சையாகக் கொடு என்று ஆளுக்கொன்று. அந்த வரிசையில் வந்ததுதான் ஒரு மரப்பெட்டி. பெங்களூரிலிருந்து என் ஓரகத்தி கொண்டுவந்தது. உள்ளே பஞ்சு மெத்தையில் ஆறு குட்டி பாட்டில்கள் - லாவெண்டர், ரோஸ்மேரி, யூகலிப்டஸ், லெமன், பெப்பர்மின்ட், வின்டர்கிரீன். "அரோமாதெரபிக்கா! வாசனை மூலமா வைத்தியம். எல்லாம் நேச்சுரல், சைடு எஃபெக்டே கிடையாது" என்றாள்.

'அரளிக் கொட்டைகூட நேச்சுரல்தான்' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பாசத்தோடு வாங்கி வந்தவளை நோகடிக்கலாமா?

அன்று சாயங்காலமே அதற்குப் பதில் கிடைத்தது. ஓரகத்தி ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து எங்களுக்கு முகரக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை நைசாக லெமன் பாட்டிலை எடுத்து, தன் மோர் டம்ளரில் கவிழ்க்கப் போனார். மோருக்கு எலுமிச்சை பிழிகிற பழக்கம், பாவம். வாசனை அதுதானே சொல்கிறது? பத்தாம் வகுப்புப் படிக்கிற என் மகள் பாய்ந்து பிடுங்கினாள். ஓரகத்தியின் முகம் வெளுத்துவிட்டது.

இந்த எண்ணெய்கள் பூவும் இலையும் வடித்த சாறு மாதிரி. வெறும் வாசனைத் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க மூவாயிரம் கிலோவுக்குக் குறையாமல் பூ வேண்டும். (இதை அறிந்த பிறகு, நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'அசல் ரோஜா எண்ணெய்' எனக்குச் சிரிப்பு மூட்டுகிறது.) ரோஜாவில் இருந்தது இத்தனூண்டு பாட்டிலில் அடைபட்டால் அதன் வீரியம் எப்படி இருக்கும்? நம் வீடுகளில் இருமல் மருந்துக்குப் பக்கத்திலேயே நிற்கும் நீலகிரித் தைலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் யூகலிப்டஸ்தான். ஒரு ஸ்பூன், அதாவது 5 மில்லி வயிற்றுக்குள் போனாலே ஆபத்தாகிவிடக்கூடும். போய்விட்டால், வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

அன்றிரவே பெட்டி பீரோவுக்குள் போனது. சாவி என் தாலிக்கொடியில்! குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் போதும் என்பார்கள். டிமென்ஷியா வந்தவர்களுக்கு அது போதாது. அவர்களுக்குக் குழந்தையின் அறியாமை இருக்கும், ஆனால் பெரியவர்களின் உயரமும் கை பலமும் இருக்கும்.

அப்புறம் ஏன் பெட்டியைத் தூக்கி எறியவில்லை என்று கேட்பீர்கள். காரணம், எங்கள் நரம்பு டாக்டர். "அம்மாவை அமைதிப்படுத்த ஏதாவது மாத்திரை கொடுங்க சார்" என்று என் கணவர் கேட்டபோது, அவர் உடனே எழுதிவிடவில்லை. மனநோய்க்குத் தருகிற அந்த மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்திருக்கிறதாம். தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பு முறிவது தனிக் கதை. "தவிர்க்கவே முடியாதுன்னா கொஞ்ச நாளைக்குத் தர்றேன். அதுக்கு முன்னால, என்ன பண்ணினா அவங்களுக்கு இதமா இருக்குன்னு வீட்டுல பாருங்க" என்றார். எண்ணெய்ப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. "நோய் மாறாது. மனசுக்கு இதமா இருந்தா நல்லதுதான். எந்தெந்த எண்ணெய்னு எழுதிக் கொண்டாங்க, அத்தையோட மருந்துச் சீட்டையும் கொண்டாங்க" என்றார்.

ஆறு பெயரையும் எழுதிக்கொண்டு போனேன். கிரிக்கெட் மாதிரி விக்கெட் விழ ஆரம்பித்தது.

முதல் விக்கெட் வின்டர்கிரீன். மூட்டுவலித் தைலங்களின் அந்த நெடி இதனுடையதுதான். ஆஸ்பிரினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஒரு ஸ்பூன் எண்ணெயில் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் சரக்கு இருக்கிறது. அத்தைக்கு இதயத்துடிப்புக் கோளாறு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை தினமும் சாப்பிடுகிறார். இந்த எண்ணெயைத் தோலில் தேய்த்தால்கூட அந்த மாத்திரையோடு சேர்ந்து ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். அவுட்!

யூகலிப்டஸும் ரோஸ்மேரியும் ஒரே ஓவரில் போயின. யூகலிப்டஸாலும், ரோஸ்மேரியில் இருக்கிற கற்பூரச் சத்தாலும் சிலருக்கு வலிப்பு வரலாம். டிமென்ஷியா உள்ளவர்களுக்கு மற்ற முதியவர்களைவிட வலிப்பு வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். பூஜைக்கு ஏற்றுகிற கற்பூரமும் அப்படித்தான். சர்க்கரைக் கட்டி என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரும். எங்கள் வீட்டுக் கற்பூர டப்பாவும் பீரோவுக்குள் குடியேறிவிட்டது. சாமி கோபித்துக்கொள்ளாது.

லெமன் எண்ணெயைத் தோலில் தடவி வெயிலில் நின்றால் தோல் பொத்துப்போகும். மதுரை வெயிலில் கேட்கவா வேண்டும்? பெப்பர்மின்ட் பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் எரிச்சல் தாங்காது. அத்தையோ நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணைக் கசக்குகிறவர். ஆக, ஆறில் ஐந்து அவுட். மிஞ்சியது லாவெண்டர் மட்டும். அதிலும் லேபிளில் லவாண்டுலா அங்கஸ்டிஃபோலியா என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். வெறும் 'லாவெண்டர் ஃப்ராக்ரன்ஸ்' என்று இருந்தால் அது சென்ட்டு வகை, இந்த வேலைக்கு ஆகாது.

சரி, லாவெண்டரால் பலன் உண்டா? எனக்குப் படிக்கிற பைத்தியம் உண்டு. கிடைத்ததையெல்லாம் படித்தேன். 2002-ல் இங்கிலாந்தில், நோய் முற்றிய 72 பேரில் பாதிப் பேருக்கு லெமன் பாம் என்கிற புதினா இன இலையின் எண்ணெய் கலந்த களிம்பையும், மீதிப் பேருக்குச் சாதாரண சூரியகாந்தி எண்ணெய் கலந்த களிம்பையும் முகத்திலும் கையிலும் தடவினார்கள். நாலு வாரத்தில் வாசனைக் கோஷ்டிக்குப் பதற்றம் 35 சதவிகிதம் குறைந்தது. மற்றவர்களுக்கு 11 சதவிகிதம். ஆஹா என்று துள்ளினேன். துள்ளி முடிப்பதற்குள் 2011-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சி கண்ணில் பட்டது. இதில் 114 பேர். ஒரு பிரிவுக்கு லெமன் பாம், இன்னொன்றுக்கு அல்ஸைமர் மாத்திரை, மூன்றாவதற்கு இரண்டுமே போலி. முடிவு? மூன்று பிரிவுமே கொஞ்சம் தேறியது! யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை. 2020-ல் காக்ரேன் அமைப்பினர், 708 பேரை வைத்து நடந்த 13 ஆராய்ச்சிகளை ஒன்றாகக் கொட்டி அலசிப் பார்த்துவிட்டு, பலன் உண்டு என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

எண்ணெய் வியாபாரிகள் முதல் ஆராய்ச்சியை மட்டும் சொல்வார்கள். எண்ணெய் பிடிக்காதவர்கள் கடைசியை மட்டும் சொல்வார்கள். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது நடுவில் உள்ளதுதான். போலி எண்ணெய் தடவியவர்களும் ஏன் தேறினார்கள்? அவர்களுக்கும் தினமும் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்து நீவிவிட்டார் இல்லையா?

இன்னொரு சங்கதி. அல்ஸைமர் நோயில் பலருக்கு ஞாபகத்துக்கு முன்பே மூக்கு மந்தமாகிவிடுகிறது. நமக்குக் கமகமவென்று இருப்பது அவர்களுக்கு எட்டவே எட்டாது. "அத்தைக்கு வாசனையே தெரியல, இன்னும் பத்துச் சொட்டு விடு" என்று விட்டால் மூக்குக்குத் தெரியாவிட்டாலும் தோலும் நுரையீரலும் வாங்கிக்கொண்டுதான் இருக்கும். தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் வராது. முகத்தைத் திருப்பிக்கொள்வது, இருமல், கண்ணைக் கசக்குவது, கையைத் தட்டிவிடுவது - இவைதான் அவர்கள் பாஷை. கவனித்து உடனே நிறுத்த வேண்டும். (மூக்கு மந்தம் என்றதும் ஞாபகம் வருகிறது: கேஸ் கசிந்தாலும், பால் பொங்கிக் கருகினாலும் அவர்களுக்குத் தெரியாது. சிலிண்டர் வால்வை ராத்திரி மூடிவிடுங்கள்.)

இனி செய்முறை. வெளிநாட்டுப் புத்தகங்களில், தைலத்தை நேராகத் தடவாதே, 'கேரியர் ஆயி'லில் கலந்து தடவு என்று போட்டிருக்கும். எனக்குத் தெரிந்த கேரியர் டிபன் கேரியர்தான்! விசாரித்தால், நம் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும்தான் கேரியர் ஆயில். 30 மில்லி எண்ணெய்க்கு ஆறு சொட்டு லாவெண்டர் விட்டால் ஏறக்குறைய ஒரு சதவிகிதம். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. அதற்கு மேல் போகவே கூடாது. நான் மூன்று சொட்டில்தான் ஆரம்பித்தேன். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி, 24 மணி நேரம் பார்த்தேன். சிவக்கவில்லை, தடிக்கவில்லை. புண், சிராய்ப்பு உள்ள இடத்தில் தடவக் கூடாது.

நாலு மணிக்கு, அதாவது மேலூர் பஸ் கிளம்புவதற்கு அரை மணி முன்னால், அத்தை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கிண்ணத்தைக் காட்டி, "அத்தே, கைக்கு எண்ணெய் போட்டு விடட்டுமா?" என்று கேட்டேன். கேட்காமல் தொட்டால் அறைதான். முறைத்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். விரல் விரலாக, மெதுவாக, பத்து நிமிஷம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குப் பொங்கல் சீருக்கு வளையல் போட்டுப் பார்த்த அதே கை. இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட நான் அதைப் பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. எந்த மருமகள் உட்கார்ந்திருப்பாள்?

ஐந்தாறு நாள் போனது. பக்கத்து வீட்டு அக்கா வந்தபோது அத்தை அவரிடம் ரகசியக் குரலில் சொன்னார்: "இந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. இவ மாமியாக்காரிதான் ஒரு மாதிரியாம்!"

அன்று நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பால்தானா என்று கேட்காதீர்கள்.

பழைய டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன். லாவெண்டர் கலந்த நாள், வெறும் நல்லெண்ணெய் நாள், ஒன்றும் செய்யாத நாள் என்று. ஒரு மாதக் கணக்கைப் பார்த்தால், எண்ணெய் போட்ட நாட்களில் வாசல் பக்கம் போவது பாதியாகியிருந்தது. லாவெண்டர் இருந்த நாளுக்கும் இல்லாத நாளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இது ஆராய்ச்சி இல்லை. ஒரு வீட்டின் ஒரு டைரி. ஆனாலும், பணம் கொடுத்து வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியோடு வந்த கரண்ட் டிஃப்யூசரை (தண்ணீரில் சொட்டு விட்டால் புகை மாதிரி வாசனையைக் கிளப்புகிற சாதனம்) ஓரிரு முறைதான் போட்டேன். போட்டால் ஜன்னலைத் திறந்து வைத்து, அரை மணி நேரத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் இருக்கிற அறையில் வேண்டாம். அதன் ஒயர் காலைத் தடுக்கும், அதிலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும் அபாயமும் உண்டு. பஞ்சில் ஒரு சொட்டு விட்டுத் தலையணை ஓரம் வை என்பார்கள். பஞ்சு வாய்க்குள் போகும். அந்த வேலையே வேண்டாம். வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறவர்கள் சாம்பிராணி, ஊதுபத்தி, எண்ணெய் விளக்கு எதையும் அருகில் கொண்டுபோகக் கூடாது.

உண்மையில் அத்தையின் கண்ணில் ஒளி வந்தது லாவெண்டருக்கு அல்ல. பிரான்ஸ் நாட்டுப் பூவுக்கும் மேலூருக்கும் என்ன சம்பந்தம்? மூக்கிலிருந்து வரும் செய்தி, உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் பொறுப்பான மூளைப் பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது என்கிறார்கள். ஆனால், அங்கே ஏற்கெனவே ஏதாவது இருந்தால்தானே தட்டி எழுப்ப முடியும்? ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து கால் கிலோ மல்லி வாங்கி வந்து முறத்தில் கொட்டினேன். அத்தை முறத்தைத் தன் மடியில் இழுத்துக்கொண்டார். நாரை எடுத்தார். என் பெயர் மறந்த, தன் பிள்ளையின் முகம் மறந்த அந்த அம்மாள், விரல் ஒன்றுகூடத் தடுமாறாமல் முக்கால் மணி நேரம் நெருக்கமாகப் பூக்கட்டினார்! அன்று பஸ் போனதே தெரியவில்லை. வாசனை எவ்வளவு எட்டியதோ, விரல்தான் எவ்வளவு ஞாபகம் வைத்திருந்ததோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அதிலும் ஜாக்கிரதை வேண்டும். பூக்காரம்மாவிடம் கதம்பம் வாங்கினால் அதில் அரளி கலந்திருக்கும். அரளி, பூ முதல் வேர் வரை விஷம். மல்லி, முல்லை மட்டும் தனியாக வாங்குகிறேன். வாயில் போடுகிறாரா என்று ஒரு கண்ணும் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது மல்லி என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃபில்டர் காபி டிகாஷனாக இருக்கலாம், சீயக்காயாக இருக்கலாம், புது நோட்டுப் புத்தகமாகவும் இருக்கலாம். சில வாசனைகள் கெட்ட ஞாபகத்தையும் கிளப்பும். டெட்டால் நெடி வந்தாலே அத்தைக்கு ஆஸ்பத்திரி பயம் பிடித்துக்கொள்கிறது. தரை துடைக்க வேறு வாங்கிவிட்டோம்.

லாவெண்டர் பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டால் அது தோலை அரிக்கும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்வதாக இல்லை. எண்ணெய் துடைத்த துண்டுகளை நன்றாக அலசி வெயிலில்தான் உலர்த்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எண்ணெய் டூட்டி என் கணவருடையது. அன்று பாதத்துக்கும் உண்டு. தடவி முடித்ததும் துண்டால் துடைத்து, வழுக்காத சாக்ஸ் மாட்டிய பிறகுதான் அத்தையை எழுந்து நடக்க விட வேண்டும். இல்லாவிட்டால் டைல்ஸ் தரை வாரிவிட்டுவிடும். போன வாரம் அத்தை அவரை அறையவில்லை. "நீ கம்பவுண்டரா தம்பி? நல்லாத் தேய்க்கிறே" என்றாராம். எனக்குச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. சொல்லிவிட்டு, சாக்ஸை எங்கே வைத்தோம் என்று வீடு முழுக்கத் தேட ஆரம்பித்தார்.